தண்டவாளத்தைக் காக்கும் பொறியியலாளர்

செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக மின்சார விரைவு இரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து செல்லும்போது, வேலியருகே நிற்கும் சிறுவர்கள் வண்டியைப் பார்த்து மகிழ்கிறார்கள். ஓட்டுநருக்குக் கை அசைக்கிறார்கள். வண்டிக்குக் கீழே கிடக்கும் பாதையை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அந்தப் பாதை அத்தனை வேகத்தையும் அத்தனை பாரத்தையும் இன்று தாங்குமா, நாளை தாங்குமா, இரவு முழுவதும் பெய்த மழைக்குப் பின் தாங்குமா என்று நாள்தோறும் பார்த்து விடை கூற வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். அவரே இரயில்வேயின் சிவில் பொறியியலாளர். அவருடைய தொழிலைப் பற்றியும், அத்தொழிலுக்கு நம் பிள்ளைகள் செல்லும் வழியைப் பற்றியும் இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

இதற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறிவிடுகிறோம். அண்மையில் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தபோது, தோட்டத்து லாரி ஓட்டும் அன்பர் ஒருவரின் இல்லத்தில் சற்று நேரம் அமர்ந்திருந்தோம். அவருடைய மகள் நான்காம் படிவத்திற்குச் சென்று மூன்று வாரங்களே ஆகியிருந்தன. மூன்றாம் படிவம் வரை கணிதத்தில் வகுப்பில் முதல் மாணவி. ஆயினும் கூடுதல் கணிதம் இல்லாத பாடத் தொகுப்பையே எடுத்திருந்தார். காரணம் வினவினோம். “ரொம்பக் கஷ்டமான பாடம்னு எல்லாரும் சொல்றாங்க சார். பெயிலாயிட்டா சர்டிபிகேட் கெட்டுப்போயிடும்” என்றார் தந்தை. பள்ளியிலும் எவரும் தடுக்கவில்லையாம். வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த பாட்டனார், தாம் மலாயா இரயில்வேயில் கேங் ஆளாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பாட்டனார் கையால் போட்ட பாதையைப் பேத்தி கணக்கால் காக்கலாமே என்ற எண்ணம் நமக்கு அப்பொழுதே உண்டாயிற்று.

நம்மவரும் இரயிலும்

நம் நாட்டின் முதல் இரயில் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை, அதாவது இன்றைய கோல செபெத்தாங் வரை, 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமே கொண்ட அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பொறியியலாளர்களும் பயனியர் என்னும் தொழிலாளர் படையினரும் வரவழைக்கப்பட்டனர். 1909-இல் பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை பாதை தொடர்ச்சியாக இணைந்தது. கிழக்குக் கரைப் பாதை 1931-இல் முழுமை பெற்றது. இவற்றில் தென்னிந்தியத் தொழிலாளர்கள் மண் வெட்டினர். சிலிப்பர் கட்டை சுமந்தனர். பின்னர் பாதையைப் பராமரிக்கும் கேங்குகளில் தலைமுறை தலைமுறையாகப் பணிபுரிந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் அமர்ந்தனர். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் ஆகிய இடங்களின் கதையே இரயில்வேயின் கதைதான்.

இந்த உறவில் துயரமும் உண்டு. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவரைச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். போனவர்களில் திரும்பாதவர் மிகப் பலர். கிழக்குக் கரைப் பாதையின் ஒரு பகுதித் தண்டவாளங்களையும் பெயர்த்து அங்கே கொண்டு சென்றனர். இரயில் பாதை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறும் முதியவர்களை நாம் இளமையில் கண்டதுண்டு.

இத்தனை காலத் தொடர்பு இருந்தும், பொறியியலாளரின் நாற்காலியைப் பற்றி நம் தோட்டப்புறங்களில் பேச்சே எழுவதில்லை. அது வேறு யாருக்கோ உரியது என்பதுபோல் ஒதுக்கிவிடுகிறோம்.

பாதை என்பது என்ன?

சிவில் பொறியியல் என்றால் வீடும் மாடியும் கட்டுவது என்றே பலர் எண்ணுகின்றனர். மலாய் மொழியில் ‘கெஜுருதெராஆன் அவாம்’ எனப்படும் இத்துறை, நிலம், நீர், கல், இரும்பு, சிமெண்டு ஆகியவற்றைக் கொண்டு மக்களின் பொதுப் பயன்பாட்டிற்கு உரியவற்றை அமைப்பதும் காப்பதுமாகும். இரயில்வேயில், சக்கரத்திற்குக் கீழே இருப்பவை பெரும்பாலும் இவர் பொறுப்பு. சமிக்ஞை விளக்குகளும் மின்கம்பிகளும் வேறு பொறியியலாளர்களைச் சேர்ந்தவை.

கண்ணுக்குத் தெரிவது இரண்டு இரும்புக் கம்பிகளே. அவற்றின் இடைவெளி நம் நாட்டின் பழைய பாதைகளிலும் இன்றைய இரட்டைப் பாதைகளிலும் சரியாக ஒரு மீட்டர். கம்பிகளைத் தாங்குபவை சிலிப்பர்கள்; முன்னாளில் மரக்கட்டைகள், இப்பொழுது இரட்டைப் பாதைகளில் கான்கிரீட்டால் ஆனவை, ஏறத்தாழ 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக அடுக்கப்பட்டவை. சிலிப்பருக்குக் கீழே சல்லிக்கல். இக்கல் உடைத்த கருங்கல்லாக, கூர்முனைகளோடு இருத்தல் வேண்டும். ஆற்றுக் கூழாங்கல் அழகாக இருக்கும். ஆனால் பாரம் ஏறினால் ஒன்றன்மேல் ஒன்று உருண்டுவிடும். கூர்முனைக் கற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சிலிப்பரை நகர விடாமல் பிடித்துக்கொள்கின்றன. மழைநீரையும் இடுக்குகளின் வழியே இறக்கிவிடுகின்றன. சல்லிக்கல்லுக்கும் கீழே கெட்டித்த மண்மேடு. அதன் இரு மருங்கிலும் வடிகால்.

இவ்வனைத்திலும் முதன்மையானது எது என்று கேட்டால், அனுபவமுள்ள பொறியியலாளர் வடிகாலைத்தான் காட்டுவார். தோட்ட மக்களுக்கு இது புதிதன்று. மண் சாலையோரத்தில் நாம் கான் என்று சொல்லும் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் என்ன நேர்கிறது? இரண்டு மழைக்குள் சாலை சேறாகி, லாரிச் சக்கரம் புதைகிறது. இரயில் பாதையிலும் அதுவே நேர்கிறது. வடிகால் அடைபட்டால் மண்மேடு நீரை உறிஞ்சி இளகுகிறது. மேலே வண்டி செல்லுந்தோறும் சிலிப்பர் அழுந்தி எழுகிறது. எழும்போது சேற்றை மேலே இழுக்கிறது. சேறு சல்லிக்கல்லின் இடுக்கை அடைக்க, நீர் இறங்க வழியில்லாமல் போகிறது. சில வாரங்களில் ஒரு கம்பி மற்றதைவிடத் தாழ்ந்துவிடும். ஒரு மண்வெட்டியால் முடியவேண்டிய வேலை பல இலட்சம் வெள்ளிச் செலவாக வளர்வது இவ்வாறுதான்.

அடுத்தது வெப்பம். இதனைப் பாட்டனாரே நமக்கு விளக்கினார். “வெயில் ஏறினா கம்பி நீளும் தம்பி. அதுக்குத்தான் மூட்டுக்கு மூட்டு இடைவெளி விட்டுப் போடுவோம். இடைவெளி மூடிப் போச்சுன்னா மண்டோர் சத்தம் போடுவாரு” என்றார். அவர் கூறியது முற்றிலும் உண்மை. நம் நாட்டு நண்பகல் வெயிலில் தண்டவாளத்தின் வெப்பம் காற்றின் வெப்பத்தைக் காட்டிலும் மிகுதியாக ஏறும். விடியற்காலையிலிருந்து 30 பாகை செல்சியஸ் ஏறினால், 12 மீட்டர் நீளமுள்ள கம்பி ஒன்று ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளும். அக்காலத்து மூட்டுகளில் விட்ட இடைவெளி இதற்காகத்தான். பழைய வண்டிகள் ‘கடகட’ என்று தாளம் போட்டுச் சென்றதும் அம்மூட்டுகளின் மேல்தான். இன்றைய வேகப் பாதைகளில் கம்பிகளைப் பற்றவைத்து நீண்ட ஒரே கம்பியாக்கி விடுகின்றனர். தாளம் போயிற்று, பயணம் மெத்தென்று ஆயிற்று. ஆனால் நீள வேண்டிய கம்பி எங்கே நீளும்? ஒரு கிலோமீட்டர் கம்பி தடையில்லாமல் கிடந்தால் அதே 30 பாகையில் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர், அதாவது முக்கால் முழம் நீளும். சிலிப்பரும் சல்லிக்கல்லும் அதனை நீளவிடாமல் பிடித்திருப்பதால், அந்த விசை முழுவதும் கம்பிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. எங்கேனும் சல்லிக்கல் குறைந்து பிடி தளர்ந்தால், கம்பி பாம்புபோல் பக்கவாட்டில் வளைந்துவிடும். ஆகவே எந்த வெப்பநிலையில் கம்பியைப் பூட்டுவது, வளைவுகளில் தோள்ப்பக்கம் எவ்வளவு சல்லிக்கல் குவிப்பது என்பனவற்றை முன்கூட்டியே கணக்கிட வேண்டியுள்ளது. பாட்டனாருடைய கேங் கண்ணாலும் சுத்தியலின் ஒலியாலும் அறிந்ததைப் பொறியியலாளர் எண்களால் அறிகிறார். இரண்டும் ஒரே அறிவின் இரு நிலைகள் என்றே நாம் கருதுகிறோம்.

வளைவுகளில் வெளிப்புறக் கம்பியை உட்புறக் கம்பியைவிட உயர்த்திப் போடுவதும் கணக்கே. மிதிவண்டியில் வேகமாகத் திரும்பும் பையன் உட்பக்கம் சாய்வதில்லையா, அதே காரணந்தான்.

கையெழுத்தின் பொறுப்பு

பொறியியலாளரின் பணி அலுவலகத்து மேசையோடு முடிவதன்று. பாதையை நடந்தும், தள்ளுவண்டியிலும், அளவெடுக்கும் வண்டியிலும் சென்று பார்வையிடுகிறார். கம்பிக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளதா என்பதைச் செவிக்கு எட்டாத ஒலியலைகளைச் செலுத்திக் கண்டறியும் கருவிகள் உண்டு. தாழ்ந்த இடங்களில் சல்லிக்கல்லை இறுக்கும் பெரிய இயந்திரங்களும் உண்டு. பகலில் வண்டிகள் ஓடிக்கொண்டிருப்பதால் பெரும்பாலான பழுதுபார்ப்பு நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரத்திற்குள் நடந்தாக வேண்டும். குறித்த நேரத்திற்குள் பாதையைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் காலை வண்டிகள் அனைத்தும் தாமதமாகும். சரியாக முடிக்காமல் கொடுத்தாலோ, விளைவை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இத்தொழிலின் கனம் இங்குதான் உள்ளது. பாதையில் குறை கண்டால் வண்டியின் வேகத்தைக் குறைக்கவோ, போக்குவரத்தை நிறுத்தவோ அவர் கூற வேண்டும். பயணிகள் முணுமுணுப்பர், மேலதிகாரிகள் காரணம் கேட்பர். ‘இன்று ஒரு நாள் போகட்டும்’ என்று விட்டுவிடும் ஆசை எவருக்கும் வரக்கூடியதே. பாதை பாதுகாப்பாக உள்ளது என்று தாளில் இடும் கையெழுத்து, முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோரின் உயிருக்குக் கொடுக்கும் உறுதியாகும். ஆதலால் இத்துறையில் திறமையைப் போலவே மனவுறுதியும் வேண்டும்.

மழைக்காலம் சோதனைக்காலம். 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தானைத் தாக்கிய பெருவெள்ளத்தில் கெமுபு இரயில் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. பாதையின் பல இடங்களில் மண்மேடு கரைந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிற்று. சாலை வசதி குறைந்த அப்பகுதி மக்களுக்கு இரயிலே பள்ளிக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் வழியாக இருந்தது. முழுப் பாதையும் மீண்டும் இணையச் சில ஆண்டுகள் பிடித்தன. அக்காலத்தில் அங்குள்ளோர்க்கு ஒரு பாலம் என்பது எத்துணைப் பெரிய பொருள் என்பது விளங்கியிருக்கும். வெள்ளம் பாலத்தின் மேற்பகுதியை மட்டும் தாக்குவதில்லை. தூணின் அடியிலுள்ள மணலை அரித்துச் செல்வதும் உண்டு. நீர் வடிந்தபின் பாலம் வெளித்தோற்றத்திற்கு நலமாகவே இருக்கும். எனவே அடிநிலத்தை அளந்து பார்க்காமல் வண்டியை விடலாகாது.

புதிய பாதைகள்

பராமரிப்பு ஒருபுறமிருக்க, கடந்த இருபது ஆண்டுகளில் நம் நாட்டில் இரயில் கட்டுமானம் பெருகியுள்ளது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் மின்சார இரட்டைப் பாதை 2014-இல் நிறைவுற்றது. அதில் தைப்பிங் அருகே புக்கிட் பெராப்பிட்டில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இரட்டைச் சுரங்கம் குடையப்பட்டது. புக்கிட் மேரா ஏரியின் மேல் ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் நீளப் பாலம் எழுப்பப்பட்டது. வடக்கே வயல்வெளிகளின் அடியிலுள்ள மென்களிமண் பாரத்தைத் தாங்காது; அதற்குள் சிமெண்டைக் கலந்து தூண்தூணாகக் கெட்டிப்படுத்தியும், நீரை வெளியேற்றியும் அடித்தளம் அமைத்தனர். தெற்கே கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இரட்டைப் பாதையும் முடிவுற்று, 2025-இல் மின்சார இரயில் ஜொகூர் பாருவை எட்டியது. கிழக்குக் கரை இரயில் இணைப்புத் திட்டம் 665 கிலோமீட்டர் நீளமுடையது. 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதையாதலால், மலாயா இரயில்வேயின் பழைய பாதையோடு அது கலப்பதில்லை. தனிப் பாதையாகவே செல்லும்.

கட்டுமானம் முடிந்ததும் வேலை முடிந்துவிடுமே என்று சிலர் ஐயுறலாம். கட்டுமானத்திற்கு வேண்டியோர் தொகை குறையும் என்பது உண்மைதான். ஆனால் போடப்பட்ட ஒவ்வொரு கிலோமீட்டரையும் பல தலைமுறைகளுக்குக் காக்க வேண்டும். இப்பணிக்கு ஆட்கள் தேவைப்பட்டுக்கொண்டே இருப்பார்கள்.

வேலை எங்கே, எவ்வகை?

மலாயா இரயில்வே 1992-இல் கூட்டு நிறுவனமாக மாற்றப்பட்டு, கெரெத்தாப்பி தானா மெலாயு பெர்ஹாட் என்னும் பெயரில் இயங்கி வருகிறது. பங்குகள் அரசாங்கத்துடையவை. ஆயினும் பணியாளர்களை அந்நிறுவனமே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது. அரசாங்க உத்தியோகம், ஓய்வூதியம் என்ற பழைய எண்ணத்தோடு விண்ணப்பிப்போர், புதிதாகச் சேர்வோர்க்கு ஊழியர் சேமநிதியே உரியது என்பதை அறிந்திருத்தல் நலம். தண்டவாளம், நிலம் முதலிய சொத்துகள் இரயில்வே சொத்துக் கழகத்தைச் சேர்ந்தவை. அங்கும், போக்குவரத்து அமைச்சிலும், தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனத்திலும் பொறியியலாளர்க்குப் பணி உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கின் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. நிறுவனங்கள், கட்டுமானக் குத்தகையாளர்கள், ஆலோசக நிறுவனங்கள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வாய்ப்பு விரிகிறது. இரயில்வே நிறுவனத்தில் மட்டும் சிவில் பொறியியலாளர் பதவிகள் ஏராளம் என்று நாம் கூறமாட்டோம். குத்தகையாளரிடம் தொடங்கி, அனுபவம் பெற்றுப் பின்னர் இரயில்வேக்கு வருவோரும் உளர்.

விளம்பரங்களில் ‘ஜுருதெரா’ என்றிருந்தால் பட்டம் பெற்ற பொறியியலாளர், ‘பெனோலோங் ஜுருதெரா’ என்றிருந்தால் டிப்ளோமா பெற்ற துணைப் பொறியியலாளர், ‘ஜுருதெக்னிக்’ தொழில்நுட்பர். இரவு வேலையும், வெயிலும், வீட்டை விட்டுத் தொலைவில் தங்குதலும் மூவருக்கும் உண்டு. பெண்கள் இப்பணிக்கு ஆகார் என்று எண்ணுவோர் இன்னும் இருக்கிறார்கள். களத்தில் தலைக்கவசத்தோடு நிற்கும் பெண் பொறியியலாளர்களை அவர்கள் பார்த்ததில்லை போலும்.

வழி எங்கே பிரிகிறது?

நான்காம் படிவத்தில்தான். பட்டக்கல்விக்குச் செல்ல எஸ்.பி.எம். தேர்வில் கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல் ஆகிய மூன்றும் நல்ல தேர்ச்சியோடு வேண்டும். இவற்றுள் கூடுதல் கணிதமே கைவிடப்படுவது. நாம் ஆசிரியராக இருந்தபோது கண்டது இது: நான்காம் படிவத்தின் முதற்பாதியில் பெரும்பாலோர் குறைந்த புள்ளிகளே பெறுவர். ஐந்தாம் படிவத்தில் பலர் எழுந்து நிற்பர். முதல் தேர்வைக் கண்டு பாடத்தை விட்டவர்கள் எழுந்து நிற்கும் வாய்ப்பையே இழந்தனர். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்பதையும் மறத்தலாகாது.

எஸ்.பி.எம்.முக்குப் பின் மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்.டி.பி.எம்.; அதன்பின் நான்காண்டுப் பட்டக்கல்வி. கூடுதல் கணிதத்தை ஏற்கெனவே விட்டுவிட்டவர்களுக்கும் வழி அடைபடவில்லை. 1969-இல் ஈப்போவில் தோன்றிய உங்கு ஓமார் பொலிடெக்னிக் போன்ற அரசாங்கக் கல்லூரிகளில் சிவில் பொறியியல் டிப்ளோமா பயிலலாம்; நல்ல தேர்ச்சி பெற்றோர் அங்கிருந்து பட்டக்கல்விக்கும் செல்கின்றனர். சுற்றுவழிதான்; ஆண்டு சற்றுக் கூடும்.

பெற்றோர்கள் ஒன்றில் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். எல்லாக் கல்லூரிகளின் பொறியியல் பட்டமும் ஒன்றன்று. பொறியியல் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டமாக இருந்தால்தான், 1967-ஆம் ஆண்டுப் பொறியியலாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிந்துகொள்வது எளிது. அதன்பின் குறைந்தது மூன்றாண்டு செய்முறை அனுபவமும் தொழில் மதிப்பீட்டுத் தேர்வும் முடித்தவரே தொழில்முறைப் பொறியியலாளர் ஆகலாம். கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்குப் பணம் கட்டிய பிறகு அங்கீகாரத்தைப் பற்றி விசாரிக்கும் குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். வாரியம் அங்கீகரித்த கல்வித் திட்டங்களின் பட்டியலை எவரும் பார்க்கலாம். கட்டுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும்.

நான்காம் படிவத்தின் தொடக்க வாரங்களில், பள்ளி நிர்வாகத்தின் இசைவோடு பாடத் தொகுப்பை மாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. இதற்கு ஆலோசக ஆசிரியரைப் பெற்றோரே நேரில் சென்று காண்பது நன்று. பிள்ளையிடம் சொல்லி அனுப்பினால் அது பெரும்பாலும் நடவாது. முன்னர்க் குறிப்பிட்ட லாரி ஓட்டும் அன்பர் அடுத்த திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றார். மகள் கூடுதல் கணித வகுப்புக்கு மாறினார். மூன்று வாரப் பாடத்தைத் தோழி ஒருத்தியின் நோட்டைப் பார்த்து எழுதி முடித்ததாகவும், முதல் தேர்வில் 41 புள்ளிகள் பெற்றதாகவும் தந்தை தொலைபேசியில் தெரிவித்தார். வளைவில் கம்பியை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்ற கணக்கைப் பாட்டனார் பேத்தியிடம் கேட்டாராம். அது இன்னும் தன் பாடத்தில் வரவில்லை என்று அவர் விடையளித்தாராம்.